கடைசிச் சீட்டில் எதிராளி ஏற்றினால் ஈடுகட்டுவதா, கவிழ்ப்பதா?

மார்கழியில் திருகோணமலைக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்துவிட்டால் வெளியே போக இடமில்லை என்பதால், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்துச் சீட்டு விளையாடுவது பல வருட வழக்கம். முன்பு 304 என்னும் சீட்டாட்டம் மட்டுமே விளையாடினோம். பிறகு டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையும் சேர்ந்துகொண்டது. காசு வைப்பதில்லை. உலர்த்திய புளியங்கொட்டைகளே எங்கள் நாணயம். கொட்டையில் சரியாக வரும் கணக்குத்தான் மற்ற எதிலும் சரியாக வரும் என்பதால், இந்தக் கட்டுரையிலும் கொட்டைகளையே அளவாகக் கொள்கிறேன்.

புதிதாக விளையாட வருபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடைசிச் சீட்டு விழுந்துவிட்டது. உங்கள் கை நல்லது என்று நம்பி நீங்கள் பந்தயம் வைக்கிறீர்கள். எதிரே இருப்பவர் அதைவிடப் பெரிய தொகையை எடுத்து வைத்து ஏற்றுகிறார். இப்போது என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 52 சீட்டுகள் கொண்ட கட்டில் இருந்து ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டுகள் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் விரிக்கப்படும்: முதலில் மூன்று (ஃப்ளொப்), பிறகு ஒன்று (டேர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைக் கொண்டு கை அமைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், வைத்தவருக்குச் சமமாகப் போட்டு ஈடுகட்டலாம், அதைவிடக் கூட்டி ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கையில் ஒன்றுமில்லாமல் பெரிய கை இருப்பதுபோல் பந்தயம் வைப்பதை நாங்கள் புலுடா விடுதல் என்போம். அந்தச் சொல்லையே இங்கும் கையாள்கிறேன்.

ரிவரில் வரும் ஏற்றம் மற்றக் கட்டங்களில் வரும் ஏற்றத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஃப்ளொப்பில் எதிராளி ஏற்றினால், அவரிடம் முடிந்த கையும் இருக்கலாம், முடியாத கையும் இருக்கலாம். நான்கு இஸ்பேட்டோடு ஐந்தாவதுக்காகக் காத்திருப்பவர்கூட ஏற்றுவார், ஏனெனில் அவருக்கு இன்னும் இரண்டு சீட்டுகள் வரவிருக்கின்றன. உங்களுக்கும் அப்படியே. ரிவருக்குப் பிறகு சீட்டு எதுவும் வராது. இனி எந்தக் கையும் நல்லதாக மாறாது, கெட்டதாகவும் மாறாது. எதிராளியின் ஏற்றத்துக்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும்: ஒன்று, நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று விரும்பும் அளவுக்கு அவர் கை பெரியது, மற்றது, நீங்கள் கவிழ்க்க வேண்டும் என்று விரும்பும் அளவுக்கு அவர் கை சிறியது. நடுத்தரக் கையோடு ரிவரில் ஏற்றுபவர் மிக அரிது. நடுத்தரக் கைக்காரர் ஈடுகட்டிவிட்டுப் பேசாமல் சீட்டைத் திறப்பார்.

இதிலிருந்து வரும் விளைவு முக்கியமானது. ஏற்றம் வந்த அந்தக் கணத்தில், இதுவரை நல்ல கையாக இருந்த உங்கள் கை, எதிராளியின் புலுடாவை மட்டுமே வெல்லக்கூடிய கையாகச் சுருங்கிவிடுகிறது. அது ஒரு சோடியாக இருந்தாலும் இரண்டு சோடியாக இருந்தாலும் பல நேரங்களில் மதிப்பு ஒன்றே. புதியவர்கள் இதை ஏற்க மறுக்கிறார்கள். ஏஸும் ராஜாவும் கையில் இருக்கும்போது அவற்றையே மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். பார்ப்பதால் அவை வளர்வதில்லை. எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிய மாமா, நான் அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், “மருமகன், உன்ர கையைப் பார்த்து முடிச்சிட்டாய். இனி என்ர கையை எண்ணு” என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவிருப்பது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

எண்ணுதல் 304 விளையாடியவர்களுக்குப் புதிதல்ல. 32 சீட்டுகள், ஓர் இனத்துக்கு எட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்தில் 76, நான்கு இனத்திலும் சேர்த்து 304. எத்தனை துரும்பு விழுந்தது, எத்தனை வெளியே நிற்கிறது என்று மனதுக்குள் கணக்கு வைத்திருக்காதவர் அதில் நிலைக்க முடியாது. அதே பழக்கத்தைப் போக்கருக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. 304இல் மறைத்து வைத்த துரும்பும் ஒரு கட்டத்தில் திறக்கப்படும், சீட்டுகள் பெரும்பாலும் பாய்க்கு வந்துவிடும். போக்கரில் நீங்கள் கவிழ்த்துவிட்டால் எதிராளியின் சீட்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை. இந்தப் பார்க்கும் ஆசைக்காகவே மனிதர்கள் தோற்கும் கையோடு ஈடுகட்டுகிறார்கள் என்பது நான் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. 304இல் பழகிய எங்கள் ஊர்க்காரருக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஆர்ட்டின் ஏஸும் கிளாவர் ராஜாவும் இருக்கின்றன. ஃப்ளொப்பில் டைமன்ட் ராஜா, இஸ்பேட் 9, இஸ்பேட் 4 விழுந்தன; உங்களுக்கு ராஜா சோடி. டேர்னில் ஆர்ட்டின் 2. நீங்கள் இரண்டு கட்டத்திலும் பந்தயம் வைத்தீர்கள், எதிராளி இரண்டு தடவையும் அமைதியாக ஈடுகட்டினார். ரிவரில் இஸ்பேட் 7 விழுகிறது. நடுவில் 60 கொட்டைகள் இருக்கின்றன. நீங்கள் 30 வைக்கிறீர்கள். எதிராளி 90ஆக ஏற்றுகிறார்.

முதலில் விலையைப் பார்க்க வேண்டும். நீங்கள் இன்னும் 60 கொட்டைகள் போட்டால் ஈடுகட்டியதாகும். அப்படிப் போட்டால் வெல்லக் கிடைப்பது, நடுவில் முன்பிருந்த 60, நீங்கள் வைத்த 30, அவர் வைத்த 90, ஆக 180. அதாவது 180ஐ வெல்ல 60ஐப் பணயம் வைக்கிறீர்கள். நான்கு தடவையில் ஒரு தடவை வென்றால் முதலுக்கு மோசமில்லை. இங்கே பலரும் செய்யும் தவறு, தாம் முன்பு வைத்த 30ஐத் தம்முடையதாகவே நினைத்து அதைக் காப்பாற்றப் போவது. கையை விட்டு நடுவுக்குப் போன கொட்டை யாருக்கும் சொந்தமில்லை. அது வெல்லப்படும் தொகையின் ஒரு பகுதி, அவ்வளவே.

வேண்டியது 25 சதவீதம் என்று தெரிந்துவிட்டது. அது கிடைக்குமா என்பதற்குத்தான் எதிராளியின் கையை எண்ண வேண்டும்.

இஸ்பேட் 9, 4, 7 நடுவில் இருப்பதால், கையில் இரண்டு இஸ்பேட் வைத்திருப்பவருக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் 10 இஸ்பேட்டுகளில் இரண்டிரண்டாக 45 சேர்க்கைகள் உண்டு. ஆனால் நிதானமான ஒருவர் கண்டதையெல்லாம் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் வரமாட்டார். ஏஸோடு ராணி, ஜாக், 10, 8, 6, 5, 3, 2 என்ற எட்டு. ராஜாவோடு ராணி, ஜாக், 10 என்ற மூன்று. ராணி-ஜாக், ராணி-10, ஜாக்-10 என்ற மூன்று. 6-5 என்ற ஒன்று. ஆக 15 என்று வைத்துக்கொள்வோம். (ஏஸ்-ராஜா இருந்திருந்தால் தொடக்கத்திலேயே பெரிதாக ஏற்றியிருப்பார் என்று அதை விட்டுவிட்டேன்.) இவற்றோடு, கையில் சோடி 7 வைத்திருந்தவருக்கு இப்போது மூன்று 7 ஆகியிருக்கும், வெளியே மூன்று 7கள் இருப்பதால் அது 3 சேர்க்கைகள். ஃப்ளொப்பிலேயே மூன்று 9 அல்லது மூன்று 4 அமைந்தவர் அப்போதே ஏற்றியிருப்பார் என்று கருதி அவற்றையும் சேர்க்கவில்லை. இந்த ஐந்து பொதுச் சீட்டுகளோடு கையில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் தொடர்வரிசை (அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டு) அமையாது. ஆகவே உங்களை வெல்லும் கைகள் 18.

உங்களால் வெல்லப்படும் கைகள் எவை? இரண்டு கட்டங்களில் ஈடுகட்டிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்பவர்கள் அவர்கள். இஸ்பேட் அல்லாத ஒரே இனத்தில் ராணி-ஜாக், ராணி-10, ஜாக்-10 வைத்திருந்தவர்கள், ராஜாவுக்கும் 9க்கும் இடையிலுள்ள மிச்சச் சீட்டு ஒன்று விழுந்தால் தொடர்வரிசை முடியும் என்று காத்திருந்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் 3, ஆக 9. இன்னொரு வகையினர் சற்று நுட்பமானவர்கள்: கையில் இஸ்பேட் ஏஸும் வேறு இனத்து 9உம் வைத்திருப்பவர். அவருக்கு இருப்பது 9 சோடிதான்; ஆனால் இஸ்பேட் ஏஸ் தன்னிடம் இருப்பதால் மிகப் பெரிய ஃப்ளஷ் உங்களிடம் இருக்க முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அந்தத் துணிவில் புலுடா விடலாம். அது 3. ஆகமொத்தம் புலுடா விடக்கூடிய கைகள் 12.

18க்கு 12 என்றால் தாராளமாக ஈடுகட்டலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். 18 பெரிய கைகளும் ஏறத்தாழ எப்போதும் ஏற்றும். 12 சின்னக் கைகளும் எப்போதும் ஏற்றுமா? அவற்றில் பெரும்பாலானவை பேசாமல் கவிழ்க்கப்படும். 18க்கு 6 இருந்தால்தான் நான்கில் ஒன்று என்ற கணக்கு நிறைவேறும். சரிபார்த்துக்கொள்ளலாம்: 18 தடவை 60 வீதம் 1080 கொட்டைகள் இழக்கிறீர்கள், 6 தடவை 180 வீதம் 1080 வெல்கிறீர்கள். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி இது: ஒன்றும் கிடைக்காமல் நிற்கும் இந்த மனிதர், அந்த நிலையில் இரண்டுக்கு ஒரு தடவையாவது துணிந்து ஏற்றுவாரா? ஏற்றுவார் என்றால் ஈடுகட்டினாலும் கவிழ்த்தாலும் ஒன்றுதான். அதைவிட அடிக்கடி ஏற்றுவார் என்றால் ஈடுகட்டுவது இலாபம். நாலுக்கு ஒரு தடவைதான் துணிவார் என்றால் புலுடா 3ஆகக் குறைகிறது. அப்போது ஒவ்வொரு ஈடுகட்டலும் சராசரியாக ஏறத்தாழ 26 கொட்டைகளை உங்களிடமிருந்து எடுத்துச் செல்லும்.

என் அனுபவத்தில், வீட்டிலும் நண்பர்களிடையிலும் நடக்கும் ஆட்டங்களில் இந்தத் துணிவு மிகவும் அரிது. வெறும் கையோடு முதலில் பந்தயம் வைக்கப் பலரால் முடியும். ஏற்கெனவே பந்தயம் வைத்துத் தன் பலத்தைக் காட்டிவிட்ட ஒருவர்மேல், கடைசிச் சீட்டில், மூன்று மடங்காக ஏற்றுவதற்கு வேறு வகையான நெஞ்சு வேண்டும். இரண்டு கட்டங்களில் அமைதியாக இருந்தவர் மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் எழுந்து நிற்கிறார் என்றால், அவர் சொல்லும் கதை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுக்கொன்று பொருந்துகிறது: இஸ்பேட்டுக்காகக் காத்திருந்தேன், வந்தது, ஏற்றுகிறேன். இப்படிப் பொருந்திவரும் கதையை நம்பிக் கவிழ்ப்பதே தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் உறுதியாகச் சொல்லும் ஆலோசனை. எதிராளியின் கை நடுங்குகிறதா, கண் எங்கே போகிறது என்பதையெல்லாம் நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். நல்ல கை வந்த மகிழ்ச்சியிலும் கை நடுங்கும்.

இதே கையில் ஒரே ஒரு சீட்டை மாற்றிப் பாருங்கள். ஆர்ட்டின் ஏஸுக்குப் பதிலாக உங்களிடம் இஸ்பேட் ஏஸ் இருக்கிறது. உங்கள் கையின் பெயர் மாறவில்லை. இப்போதும் ராஜா சோடிதான். ஆனால் எதிராளியின் பக்கத்தில் ஏஸ் கொண்ட எட்டு ஃப்ளஷ்களும் ஒரேயடியாக இல்லாமல் போகின்றன. பெரிய கைகள் 18லிருந்து 10ஆகக் குறைகின்றன. இஸ்பேட் ஏஸை வைத்துப் புலுடா விடும் 3உம் போய்விடுவதால் சின்னக் கைகள் 9 ஆகின்றன. வேண்டிய புலுடா எண்ணிக்கை 10இல் மூன்றிலொரு பங்கு, அதாவது மூன்றுக்குச் சற்று மேல். முன்பு 12இல் 6 வேண்டியிருந்தது. இப்போது 9இல் நான்குக்கும் குறைவாகப் போதும். முன்னதில் யாருக்கு எதிராக நீங்கள் கவிழ்த்தீர்களோ, அதே எதிராளிக்கு எதிராக இங்கே ஈடுகட்டுவது நியாயமாகலாம். கையிலுள்ள சீட்டு தன் பலத்தால் மட்டுமன்றி, எதிராளியிடம் எது இருக்க முடியாது என்று சொல்வதாலும் பயன்படுகிறது என்பது எனக்குப் புரிந்த நாளில்தான் இந்த ஆட்டத்தின்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

ஏற்றத்தின் அளவும் கணக்கை மாற்றும். அவர் 90க்குப் பதிலாக 60ஆக மட்டும் ஏற்றியிருந்தால், நீங்கள் 150ஐ வெல்ல 30 போட்டால் போதும். ஆறில் ஒரு தடவை வென்றால் சரி. 18 பெரிய கைகளுக்கு நான்கு புலுடா இருந்தாலே இலாபம். மாறாக 300ஆக ஏற்றியிருந்தால் 390ஐ வெல்ல 270 போட வேண்டும், 41 சதவீதம் வெல்ல வேண்டும். 12 சின்னக் கைகளையும் ஒன்று தவறாமல் புலுடாவாக அவர் ஏற்றினாலும் உங்களுக்கு 40 சதவீதம்தான் கிடைக்கும். ஆகவே சின்ன ஏற்றம் சந்தேகத்துக்குரியது, பெரிய ஏற்றம் பயமுறுத்தல் என்று மனநிலையை ஊகிப்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்துவிட வேண்டும்.

எதிர்த்தரப்பின் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் 90 கொட்டைகள் வைத்து, நடுவிலுள்ள 60ஐயும் உங்கள் 30ஐயும் வெல்லப் பார்க்கிறார், 90க்கு 90. நீங்கள் இரண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் கவிழ்ப்பவர் என்று அவருக்குத் தெரிந்தால், எந்தச் சீட்டை வைத்தும் அவர் இலாபமாக ஏற்றலாம். கணித அறிஞர் ஜோன் வொன் நியூமன், 1944இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் போக்கரின் ஓர் எளிய வடிவத்தை ஆராய்ந்து, புலுடா சரியான ஆட்டத்தின் பிரிக்க முடியாத பகுதி என்றும், அதை நடுத்தரக் கைகளால் அல்லாமல் மிக மோசமான கைகளால் செய்ய வேண்டும் என்றும் காட்டினார். அந்த அளவுக்குத் தேர்ந்தவர் எதிரே இருந்தால், எப்போதும் கவிழ்ப்பவர் சுரண்டப்படுவார். அப்போது இஸ்பேட் ஏஸ் போன்ற உதவிச் சீட்டு உள்ள கைகளைத் தெரிந்தெடுத்து ஈடுகட்டி, மற்றவற்றைக் கவிழ்க்க வேண்டும். எதிராளி அப்படிப்பட்டவர் என்பதற்குச் சான்று கிடைக்கும்வரை, அப்படிப்பட்டவர் என்று எண்ணிக்கொண்டு விளையாடுவது வீண் செலவு.

2003இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில், கிறிஸ் மணிமேக்கர் ரிவரில் வெறும் ராஜாவை உயர்ந்த சீட்டாகக் கொண்டு தன் முழுத் தொகையையும் நடுவில் தள்ளினார். 9 சோடி வைத்திருந்த சாமி ஃபாஹா நெடுநேரம் யோசித்துக் கவிழ்த்தார். மணிமேக்கர் பட்டத்தை வென்றார். இந்தக் காட்சியைப் பார்த்த இளையவர்கள், தமக்கு வரும் ஒவ்வொரு ஏற்றமும் மணிமேக்கருடையது என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நினைவில் நிற்பது புலுடா வென்ற கை. ஏற்றியவரிடம் உண்மையாகவே பெரிய கை இருந்து மற்றவர் சரியாகக் கவிழ்த்த ஆட்டங்களை யாரும் படம்பிடித்துப் பரப்புவதில்லை.

மீண்டும் ஏற்றுவது என்ற மூன்றாவது வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உங்களைவிடச் சிறிய கைகள் அதற்கு ஈடுகட்டும் என்றால் மட்டுமே ஏற்ற வேண்டும். மேலே சொன்ன பொதுச் சீட்டுகளில் இஸ்பேட் ஏஸும் இன்னோர் இஸ்பேட்டும் வைத்திருப்பவரை வெல்லும் கை எதுவும் இல்லை. அவர் தயங்காமல் ஏற்றலாம். ராஜா சோடியோடு மீண்டும் ஏற்றினால் சின்னக் கைகள் ஓடிவிடும், பெரியவை மட்டும் நிற்கும்.

இவ்வளவு எண்ணுவதற்கு ஆட்டத்தின் நடுவில் நேரம் ஏது என்று கேட்கலாம். அதற்கான பதில், எண்ணும் வேலையை ஏற்றம் வரும் முன்பே தொடங்க வேண்டும் என்பதே. ரிவரில் 30 கொட்டைகளை எடுத்து வைக்கும் முன், இதற்கு ஈடுகட்டும் சின்னக் கைகள் எவை, இதன்மேல் ஏற்றினால் நான் என்ன செய்வேன் என்று இரண்டையும் தீர்மானித்துவிட வேண்டும். நம்முடைய உதாரணத்தில் ராஜா-ராணி, ராஜா-ஜாக் வைத்திருப்பவர்கள் ஈடுகட்டுவார்கள் என்பதால் 30 வைத்தது சரி. ஏற்றினால் கவிழ்ப்பேன் என்ற முடிவும் அதோடு சேர்ந்தே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்றினால் தாங்க முடியாது, அதேவேளை சின்னக் கையும் ஈடுகட்டாது என்று தோன்றும் இடத்தில் பந்தயமே வைக்காமல் விட்டுவிடுவது நல்லது.

எங்கள் விறாந்தையில் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. ரிவரில் யாராவது ஏற்றி, சீட்டுகள் திறக்கப்பட்டால், ஏற்றியவர் யார், பெரிய கையா புலுடாவா, எவ்வளவுக்கு எவ்வளவு ஏற்றினார் என்ற மூன்றையும் அன்றிரவே அதில் எழுதிவிடுவோம். கவிழ்த்து முடிந்த கைகள் அதில் இடம்பெறா. அவற்றில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலம் முழுவதும் எழுதி வந்தால், மாமாவின் பெயருக்கு நேரே எத்தனை புலுடா விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அடுத்த முறை அவர் 30ஐ 90 ஆக்கும்போது அந்த 12இல் எத்தனையைக் கணக்கில் சேர்ப்பது என்று ஓரளவு நம்பிக்கையோடு தீர்மானிக்கலாம்.